ஒன்றே முக்கால் டன் முதல் வேட்டை

பழைய விமானத் திடல் வீடு,
அக்டோபர் 16, வியாழன்

பெருமதிப்பிற்குரிய எவரிஸ்ட் மாமா அவர்களுக்கு,

தங்கள் அக்கா செலீனின் ஒரே மகன் லைல் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் வீட்டு நாய்கள் மூன்றும் நலம். ஊரைச் சுற்றித் திரியும் காட்டெருமைகள் எங்கள் எல்லோரையும்விட நலம். அங்கே வைரச் சுரங்கத்தில் தாங்களும் தங்கள் முதுகுவலியும் எப்படி என்று அறிய விரும்புகிறேன். ஆற்றில் ஓரமாகப் பனிக்கட்டி பிடிக்கத் தொடங்கிவிட்டது. லாரிகளை ஏற்றிவரும் மிதவை இன்னும் பத்து நாள் ஓடினால் அதிகம். மரியாதை எல்லாம் முடிந்தது. இனி விஷயம்.

சுரங்கத்துப் பட்டறையில் எனக்கு ஒரு வேலை வேண்டும். ஆகஸ்டில் விடுமுறைக்கு வந்திருந்தபோது, "எப்ப வேணும்னாலும் சொல்லுடா, ஃபோர்மேன் நம்ம ஆளுதான்" என்று சொன்னீர்கள். இப்போது சொல்கிறேன். நவம்பர் முதல் தேதி வரத் தயார். இதைப் போனிலேயே சொல்லலாமே என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் சிரிப்பீர்கள், நான் வைத்துவிடுவேன். காகிதத்தைப் பார்த்து எவ்வளவு வேண்டுமானாலும் சிரியுங்கள், எனக்குக் கேட்காது. காரணம் என்ன என்றால், உருளைக்கிழங்கு.

இது மார்ச் மாத ஊர்க் கூட்டத்தில் ஆரம்பித்தது. தெற்கே இரண்டு வருடம் விவசாயப் பொறியியல் படித்துப் பட்டயம் வாங்கி, ஒரு மண் வெப்பமானியோடு ஊர் திரும்பியிருந்தேன் அல்லவா, உணவு இறையாண்மை பற்றி நாற்பது நிமிடம் படம் போட்டு விளக்கினேன். ஊர்த் தலைவர் மொடெஸ்ட் அண்ணன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் உட்காரப் போனபோதுதான் வாயைத் திறந்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுண்ணே."

"அப்ப அது என்னான்னு ஒரே வரியில சொல்லு."

"நாம என்ன சாப்பிடணும்ங்கறதை லாரிக்காரன் முடிவு பண்ணாம நாமே முடிவு பண்றது."

"மூஸ் மான் கறி திங்கறதை எந்த லாரிக்காரன்டா முடிவு பண்றான்?"

கூடமே சிரித்தது. "கறிக்குத் தொட்டுக்கற உருளைக்கிழங்கை?" என்று கேட்டேன். சிரிப்பு நின்றது. போன வருடம் ஆறு உறையும்போது கடையில் கிடந்த அந்தக் கிழங்குகளை ஒவ்வொருவரும் நினைத்துப் பார்த்திருப்பார்கள். பிசைந்த மாவு மாதிரி, பச்சையாக, முளைவிட்டு. அதுவும் வீட்டுக்கு நாலு. அந்த ஒரு கேள்வியால் பழைய விமானத் திடலில் கால் ஏக்கர் இரண்டு வருடத்துக்குக் கிடைத்தது. நான் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை. "விதை எங்கேருந்து வரும்?" என்று யாரோ கேட்டதற்கு, "முதல் வருஷம் லாரியில. ரெண்டாம் வருஷம் ஒரு விதைகூட வெளியிலேருந்து வராது. வந்தா அந்த இடத்தை ரோடு கம்பெனிக்கே குடுத்துடுங்க, வண்டி நிறுத்திக்கட்டும்" என்றேன். இப்படி ஒரு வாக்கை யாருமே என்னிடம் கேட்கவில்லை, மாமா. மொடெஸ்ட் அண்ணன் அப்போதுதான் கண்ணை முழுதாகத் திறந்தார். ரோடு கம்பெனிக்காரர்கள் ஒரு வருடமாக அந்தத் திடலுக்காக அவரை நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். பேனாவை எடுத்து, 'மிதவை நிற்கும் நாளில் அடுத்த வருட விதை ஊர்க் கிடங்கில் இருக்க வேண்டும், இல்லையேல் இடம் கம்பெனிக்கு' என்று எழுதி, என்னிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். பேனா எழுதவில்லை என்று சொல்லி என் பேனாவையே வாங்கி எழுதினார்.

வயல் கமிட்டிக்குத் தலைவியாக அல்ஃபோன்சீன் அக்காவைப் போட்டார்கள். ஊர்ச் சாலையைச் சமப்படுத்தும் கிரேடர் வண்டியை ஓட்டுகிறவள் வேறு எந்த வேலையைத்தான் வேகமாகச் செய்வாள்? எல்லாமே முதல் கியர்தான். என்னை நாலாவது கியர் என்று கூப்பிட ஆரம்பித்தாள், ஊர் முழுக்க அதுவே பெயராகிவிட்டது.

மே மாதம் உரம் வர வேண்டிய நேரத்தில் ஆற்றில் பனி உடைந்துகொண்டிருந்தது. வழக்கம்போல மூன்று வாரம், பனிச்சாலையும் இல்லை, மிதவையும் இல்லை. மூட்டைகள் அக்கரையில் கிடந்தன, நான் இக்கரையில் நின்று தூரக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா பக்கத்தில் வந்து நின்று, "வெள்ளைமீன் குடல் போட்டா ஆகாதா?" என்றாள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நைட்ரஜன் சரியாகவே வந்தது. பதினொரு பீப்பாய் குடலை வரிசை வரிசையாகக் கால்வாய் வெட்டிப் புதைத்தோம். ஈரம், வெப்பம், கார அமிலம் எல்லாவற்றுக்கும் என் அட்டவணையில் கட்டம் இருந்தது, தொண்ணூறு வீட்டு நாய்களுக்கு மட்டும் கட்டம் இல்லை. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் கால் ஏக்கரும் உழுது கிடக்கிறது. கோலை விட்டு அளந்தேன்: இருபத்திரண்டு சென்டிமீட்டர், ஓரம் நடுவு எல்லாம் ஒரே சீர். தெற்கிலிருந்து நான் வரவழைத்த உழவு இயந்திரம் அந்த ஆழத்தை ஒரு நாளும் தொட்டதில்லை. அக்கா சுற்றிப் பார்த்துவிட்டு, "டீசல் மிச்சம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். குடலைத் திரும்பப் பிடித்துப் புதைத்தது தனிக் கதை, அதை எழுதினால் தபால் கனத்துவிடும்.

அதற்குப் பிறகு காட்டெருமைகள். சூரிய ஒளியில் ஓடும் மின்வேலி போட்டேன். பெட்டியின் மேல் மாடு, குதிரை, பன்றி படம் இருந்தது. நம் ஊர் எருமையின் தோளில் இருக்கும் கம்பளியைப் பற்றி அதைச் செய்தவனுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. முதல் நாளே ஒரு கிழட்டுக் காளை வந்து கம்பியில் முதுகைச் சொறிந்துகொண்டது. பிறகு தினமும் அதே நேரத்துக்கு வந்தது. சொறிந்து முடித்ததும் உள்ளே போய் உழுத மண்ணில் உருண்டு நாலு குளியல் தொட்டி அளவுக்குப் பள்ளம் போட்டது. விரட்டுங்கள் என்று கத்தினால், "படுத்திருக்குல்ல, எந்திரிச்சா தானாப் போவும்" என்று டீ குடித்துக்கொண்டே பதில் சொல்கிறார்கள். அந்த வேலியில் மின்சாரம் பட்ட ஒரே உயிர், மேற்பார்வைக்கு வந்து கதவைத் திறந்த மொடெஸ்ட் அண்ணன்தான். கடைசியில் அக்கா, வீடுகளுக்குப் பின்னால் செத்துக் கிடந்த பழைய பனிவண்டிகளை எல்லாம் கிரேடரில் இழுத்து வந்து வயலைச் சுற்றி மூக்கோடு வால் வைத்து அடுக்கினாள். எழுபத்து மூன்று வண்டிகள். எருமைகள் நின்று பார்த்தன, திரும்பிப் போயின. இப்போது அதுதான் நம் ஊர் வயலின் வேலி. படம் எடுத்து என் பேராசிரியருக்கு அனுப்ப வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஜூன் முதல் வாரம் நட்டோம், இரண்டாயிரத்து நானூறு செடி. சூரியன் மறைய மனமில்லாத ஊரில் செடி எப்படி வளரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜூலையில் எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். வயல் வாசலில் ஒரு பலகை வைத்து, 'எதிர்பார்க்கும் விளைச்சல்: நான்கு டன்' என்று சிவப்பில் எழுதினேன். மறுநாள் பலகை வேலிப் பக்கம் பார்த்துத் திரும்பியிருந்தது. நேராக்கினேன். அதற்கடுத்த நாள் மறுபடி திரும்பியிருந்தது. மூன்றாம் நாள் காத்திருந்து பிடித்தால், அல்ஃபோன்சீன் அக்கா.

"என்னக்கா இது?"

"அதுக்குத் தெரியற மாதிரியேவா எழுதி வைப்ப?"

"எதுக்கு?"

"உருளைக்கிழங்குக்குத்தான்."

"உருளைக்கிழங்குக்குப் படிக்கத் தெரியுமா?"

"மூஸுக்கும்தான் தெரியாது. நாளைக்கு உன்னைச் சுடப் போறேன்னு எவனாவது பலகை வச்சுட்டுக் காட்டுக்குப் போறானா? வாயை வச்சுக்கிட்டு இருடா. நாலு டன்னாம். நாலு டன்!"

அவளே சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். வேட்டைக்கு முன்னால் வீம்பு பேசினால் மிருகம் முகம் காட்டாது என்பது எனக்கும் தெரியும், நானும் இந்த ஊரில்தான் பிறந்தேன். ஆனால் கிழங்கு ஓடிப்போகாது, மண்ணுக்குள் இருக்கிறது, எங்கே போகும் என்றேன். ஆகஸ்டில் அது போக ஆரம்பித்தது.

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் கவனித்துப் படிக்க வேண்டும், ஏனென்றால் நீங்களும் அப்போது இங்கேதான் இருந்தீர்கள், ஒரு உபயோகமும் இல்லாமல். செடிகளிலேயே வாட்டசாட்டமாக, நோயில்லாமல் நின்றவை எவை என்று பார்த்து விதைக்கென்று இருநூறு செடிகளுக்குச் சிவப்பு நாடா கட்டினேன். நாலு நாள் கழித்து நாடா கட்டியவை மட்டும் வாடுகின்றன. என்ன வியாதியோ என்று ஒன்றை மெல்ல இழுத்தால் தண்டு கையோடு வருகிறது, அடியில் ஒரு கிழங்கு இல்லை. எவனோ கிழங்கை எடுத்துவிட்டு, மண்ணை மூடிக் கையால் தட்டி, தண்டை மறுபடி நட்டு, நாடாவையும் ஒழுங்காகக் கட்டிவிட்டுப் போயிருக்கிறான். தினமும் பதின்மூன்று, பதினான்கு செடி. மொத்தம் நூற்று எண்பத்தாறு. கரடி என்றார்கள். எந்தக் கரடி முடிச்சுப் போடும்? வேட்டைக் கேமரா வைக்கலாம் என்று உங்களைக் கட்டச் சொன்னேன். நீங்கள் கட்டிய கேமரா ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆயிரத்து நானூறு படம், எல்லாம் அண்டங்காக்கை. ஒரு நாள் நீங்களே காவல் இருக்கிறேன் என்று நாற்காலி போட்டு உட்கார்ந்தீர்கள், அன்றைக்கு மட்டும் இருபத்தொரு செடி காலி. கேட்டதற்கு, "கண்ணு கொஞ்சம் அசந்துடுச்சுடா மாப்ளே" என்றீர்கள். மற்ற நாளெல்லாம் மீன் பிடிக்கப் போகிறேன் என்று போய், பூட்ஸ் நிறைய மணலோடு மீனே இல்லாமல் வந்தீர்கள். நான் கோபமாக எழுதவில்லை. ஒரு பொறியாளனாக, மனித உழைப்பு வீணானதைக் குறித்துவைக்கிறேன், அவ்வளவுதான். இதற்கு நடுவில் அம்மா வேறு, ஜன்னலோரம் இருந்த என் கட்டிலை இழுத்து அறை நடுவில் போட்டுவிட்டாள். கேட்டால், ஜன்னல் காற்று என் முதுகுக்கு ஆகாதாம். இப்போது கீழேயிருந்து காற்று வருகிறது.

அறுவடை செப்டம்பர் பத்து முதல் பதினான்கு என்று அட்டவணை போட்டு, யார் எந்த வரிசை என்று பெயர் எழுதிக் கடையில் ஒட்டினேன். பத்தாம் தேதி காலையில் வயலுக்குப் போனால் நானும் பதினொரு நாய்களும். செப்டம்பர் பத்தாம் தேதி இந்த ஊர் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். மூஸ் வேட்டைக்கு ஆற்றோடு மேலே போயிருக்கும். பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம், கணினிக்கு முன்னால் உட்கார்ந்ததும் மறந்துவிடுகிறது. பதினைந்தாம் தேதி கடும் உறைபனி என்று வானிலையில் சொன்னார்கள். படகை எடுத்துக்கொண்டு வேட்டை முகாமுக்கு விரைந்தேன். உட்காரு என்றார்கள். உட்கார நேரமில்லை என்றேன். சாப்பிடு என்றார்கள். இரண்டு நாள் சாப்பிட்டேன். அந்தப் புகைபோட்ட கறி எப்படி இருந்தது என்று எழுதி உங்கள் வயிற்றெரிச்சலைக் கிளப்ப மாட்டேன். பதின்மூன்றாம் தேதி நாலு மூஸோடும் அறுபது பேரோடும் நானும் திரும்பினேன். பதினான்காம் தேதி காலையில் எல்லோரும் வயலில் இறங்கினார்கள். நான் ஐந்து நாள் போட்டிருந்த வேலை பிற்பகல் டீக்கு முன்னால் முடிந்துவிட்டது. ஒன்றே முக்கால் டன். நாலு டன் இல்லை. இரண்டுகூட இல்லை. நான் தராசைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் ஜனங்களோ கிழங்கைக் கையில் எடுத்து மண்ணைத் துடைத்து ஒருவருக்கொருவர் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கேதான் அந்தத் தவறு நடந்தது. அல்ஃபோன்சீன் அக்கா மூட்டை மேல் ஏறி நின்று, "இது யாரோடது?" என்று கேட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பாராட்டு விழா என்று பட்டது. மார்ச்சிலிருந்து ஒருத்தரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை, இப்போதாவது சொல்லப்போகிறார்கள் என்று கையைத் தூக்கி, "என்னுது!" என்றேன்.

"நல்லாச் சொல்லு, மொதத் தடவையா?"

"ஆமா, என்னோட முதல் விளைச்சல்."

"கேட்டுக்கிட்டீங்களா? லைலோட மொத வேட்டை!"

கைதட்டினார்கள். தட்டிக்கொண்டே லாரியைப் பின்னால் எடுத்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒன்பது வயதில் நான் சுட்ட முதல் காட்டுக்கோழி ஞாபகம் இருக்கிறதா, மாமா? முதல் வேட்டையில் வேட்டைக்காரனுக்கு ஒரு வாய்கூடக் கிடையாது, முழுக்கப் பகிர்ந்து கொடுத்தாக வேண்டும் என்று சொல்லி, அதன் தொடையை நீங்கள் என் எதிரில் உட்கார்ந்து தின்றீர்கள். நான் அழுதேன். நீங்கள் எலும்பையும் உறிஞ்சினீர்கள்.

"அக்கா, அது மிருகத்துக்கு. இது கிழங்கு."

"எதுன்னாலும் மொதல்ல வந்தது மொதல்ல வந்ததுதான்."

"ஆறு மூட்டை விதைக்கு வேணும்! கையெழுத்துப் போட்டிருக்கேன்!"

"மொத மூஸைச் சுட்டுட்டு, ஒரு தொடையை மட்டும் அடுத்த வருஷத்துக்குன்னு ஒளிச்சு வைப்பியா? ஊர் என்ன பேசும்?"

தொண்ணூறு வீட்டுக்கும் நானே என் கையால் இறக்கினேன். அக்கரையில் இருக்கும் மூன்று வீடு, ஆஸ்பத்திரியில் இருக்கிறவர்கள், பூட்டிக் கிடக்கும் உங்கள் குடிசைக்கு உரிய பங்கும்கூட, அதை அம்மா வாங்கிக்கொண்டாள். கடைசி மூட்டை மொடெஸ்ட் அண்ணன் வீட்டில். அவர் வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "கிடங்குல விதை எவ்வளவு இருக்கு, லைல்?" என்று அன்பாகக் கேட்டார்.

ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு வெட்கத்தை விட்டு ஒரு கோணியோடு வீடு வீடாகப் போனேன், ஆளுக்குப் பத்துக் கிழங்கு திருப்பித் தாருங்கள், விதைக்கு என்று கேட்கலாம் என்று. வாயைத் திறந்து கேட்ட வீடு எத்தனை தெரியுமா? ஒன்றுமில்லை. கொடுத்த முதல் வேட்டையைத் திருப்பிக் கேட்டவன் என்று ஒருத்தன் இந்த ஆற்றங்கரையில் இதுவரை இருந்ததில்லை, அந்த முதல் ஆளாக நான் இருக்க விரும்பவில்லை. சும்மா வந்தேன் என்று உட்கார்ந்தேன். ஒவ்வொரு வீட்டிலும் சட்டியில் மூஸ் கொழுப்பில் கிழங்கு பொரிகிறது. வாசனை என் சட்டையில் ஏறிவிட்டது. "அருமையா இருக்குடா, நாலாவது கியர்! வெண்ணெய் மாதிரி! உனக்குத்தான் குடுக்கக் கூடாது" என்று சொல்லி எனக்கு மட்டும் ரொட்டி. இன்றுவரை என் வயல் கிழங்கின் ருசி எனக்குத் தெரியாது, மாமா. ஊரில் நாய்க்குக்கூடத் தெரியும்.

ஆக நிலைமை இதுதான். சரக்குப் பெட்டி ஒன்றைப் பூமியில் புதைத்து, உணர்கருவி எல்லாம் வைத்து நான் கட்டிய கிடங்கு மிகச் சரியாக நாலு டிகிரியில் இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் காற்றைக் கெடாமல் பாதுகாத்துக்கொண்டிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை ரோடு கம்பெனி ஆட்கள் வந்து திடலை நாடா போட்டு அளந்தார்கள். பனிவண்டிகளை யார் அப்புறப்படுத்துவது என்று என்னையே கேட்டார்கள். மிதவை நிற்கும் நாளில் மொடெஸ்ட் அண்ணன் என் கையெழுத்தோடு வருவார். கிடங்கு காலி, வயல் போச்சு, அடுத்த வருடமும் வீட்டுக்கு நாலு பச்சைக் கிழங்கு. அதை நான் இங்கே உட்கார்ந்து பார்க்க மாட்டேன். நாலு டன் என்று எழுதினதுக்கு என்னை எத்தனை வருஷம் ஓட்டுவாங்கன்னு நெனைக்கிறீங்க? எனக்குக் குழந்தை பொறந்தா அதையும் நாலு டன்னுன்னுதான் கூப்பிடுவாங்க. இயந்திரம் என்றால் பரவாயில்லை. அது முதல் தடவை ஓடினால் யாருக்கும் பகிர்ந்து கொடுக்க வேண்டாம். ஃபோர்மேனிடம் உடனே பேசுங்கள்.

தங்கள் முதுகு விரைவில் குணமாகவும், தங்கள் பனிப்பாதையில் தடை ஒன்றும் இல்லாதிருக்கவும், அடுத்த விடுமுறையில் வலையில் மீனாவது விழவும் ஊரின் தொண்ணூறு வீட்டு வாழ்த்துகளையும் சேர்த்து அனுப்புகிறேன். அம்மா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். சொல்லும்போது ஏனோ சிரித்தாள்.

தங்கள் அன்புள்ள மருமகன்,
லைல்
(முன்னாள் வயல் மேலாளர்)

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டிக் கொடுத்துவிட்டேன். மூடுபனியில் தபால் விமானம் நாலு நாளாக இறங்கவில்லை. இன்று போய் உறையைத் திரும்ப வாங்கிப் பிரித்து எழுதுகிறேன், தேதி இருபது. வேலை வேண்டாம். ஃபோர்மேனிடம் பேசியிருந்தால், தப்பான மருமகனைச் சொல்லிவிட்டேன் என்று சொல்லிவிடுங்கள்.

இன்று காலை மிதவை நின்றுவிட்டது, ஆறு நாள் முன்னதாகவே. மொடெஸ்ட் அண்ணன் காகிதத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டார். நான் சட்டை மாட்டிக்கொண்டு, வயலைக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று எழுந்தேன். அல்ஃபோன்சீன் அக்கா பின்னாலேயே வந்து, "மொதல்ல கட்டிலை நகர்த்துடா" என்றாள். நகர்த்தினேன். அடியில் தரைப்பலகை. பலகையைத் தூக்கினால் குழி. குழிக்குள் ஒன்பது பெட்டி, உலர்ந்த ஆற்று மணல், மணலுக்குள் கோழி முட்டை அளவில் கிழங்கு. எண்ணினேன்: இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினொன்று. வெப்பமானியை விட்டேன்: நாலு டிகிரி. இரண்டு மாதமாக அடுத்த வருட வயலின் மேல் படுத்துத் தூங்கியிருக்கிறேன். ஒவ்வொரு பெட்டியிலும் கட்டுக் கட்டாக, முனையில் வெட்டி எடுத்த என் சிவப்பு நாடாத் துண்டு, எந்தச் செடி என்று குறிக்க. ஒரு பெட்டியின் மேல் உங்கள் ஒற்றைக் கையுறை.

"எவரிஸ்ட் சொன்னான்," என்றாள் அக்கா. "இவன் பலகை எழுதற வேகத்துக்கு, அறுவடை அன்னிக்கு 'என்னுது'ன்னு கத்தாம இருக்க மாட்டான், கத்துனா எல்லாத்தையும் குடுக்கணும், அதுக்கு முந்தி நான் கொஞ்சம் திருடி வச்சுடறேன்னான். அறுவடைக்கு முந்தி காணாமப் போனது அறுவடையில சேராதுல்ல. கரடி தின்னதை யாராவது பகிர்ந்து குடுக்கறாங்களா?"

"அப்புறம் ஏன் என்கிட்ட சொல்லல? நான் ஒரு மாசமா..."

"சொன்னா உன் அட்டவணையில ஏத்துவ. ஏத்துனா அது உன்னுது. உன்னுதுன்னா குடுத்தாவணும்."

அந்தத் தர்க்கத்தில் ஓட்டையே இல்லை, மாமா. இன்னொன்றையும் எரிச்சலோடு தெரிவித்துக்கொள்கிறேன்: விதைக்கிழங்கைச் செடி காயும் முன்பே, சிறியதாக, சீக்கிரம் எடுப்பதுதான் சரி என்று என் பாடப்புத்தகத்தின் பதினோராம் அத்தியாயத்திலும் இருக்கிறது. பரீட்சைக்குப் பிறகு நான் அதைத் திறக்கவில்லை.

மொடெஸ்ட் அண்ணன் குழியைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். "இது எங்கேருந்து வந்துது?" என்றார். "திருட்டுச் சொத்து" என்றாள் அம்மா. "திருடன் வெளியூரா?" "உள்ளூருதான். என் தம்பி." அவர் என் பேனாவையே வாங்கி, 'வெளியிலிருந்து வரவில்லை' என்று எழுதிவிட்டு, பெட்டிகளைக் கிடங்குக்குத் தூக்க ஒரு கையும் கொடுத்தார். ரோடு கம்பெனி வேறு இடம் பார்க்கட்டும் என்றார். பலகையை நானே போய் எடுத்துவிட்டேன். அடுத்த வருடம் எவ்வளவு விளையும் என்று மனதில் ஒரு எண் இருக்கிறது, இங்கே எழுத மாட்டேன்.

ஒரே ஒரு தொழில்நுட்பச் சந்தேகம், அதற்காகத்தான் உறையைப் பிரித்தேன். இந்தக் கிழங்கு அறுவடையில் சேராது என்றால், அது என் முதல் வேட்டை இல்லை. என் முதல் வேட்டை இல்லை என்றால், நான் தின்னக் கூடாது என்று ஒரு விதியும் இல்லை. அக்காவிடம் கேட்டேன், அவள் முதல் கியரில் யோசித்துக்கொண்டிருக்கிறாள். திருடியவர் நீங்கள், அனுமதி தர வேண்டியவரும் நீங்கள்தான். இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்து போதும். மிகச் சிறியதாகப் பார்த்து ஒன்றை எடுத்துச் சட்டியில் போட்டிருக்கிறேன். உங்கள் பதில் வருவதற்குள் வெந்துவிடும்.